ஹைப்போவில் ஊறும் கண்ணாடி

ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகரைக் கடக்கும்போது, பத்து வயதைத் தாண்டிய கார்களின் முகப்பு விளக்கைக் கவனித்துப் பாருங்கள். வாங்கிய நாளில் ஊற்றுநீர்போலத் தெளிந்திருந்த விளக்கு மூடி, பழுப்பேறிப் பால் படிந்தாற்போல் மங்கியிருக்கும். எவ்வளவு துடைத்தாலும் போகாது. அது அழுக்கு இல்லை. மூடியின் மேற்பரப்பே சிதைந்துபோயிருக்கிறது. அந்த மூடி கண்ணாடியாலானதும் இல்லை. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கை வார்த்து, அதன் மேல் கீறல் விழாதபடி மெல்லிய காப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். வெயிலும் மணலும் கழுவும் திரவங்களும் சேர்ந்து பூச்சைத் தின்ற பிறகு, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் வெளியே தெரிகிறது.

இதே சாலையோரத்து மருத்துவமனைகளில் செவிலியர்கள் முகத்தில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கண்ணாடிகளின் வில்லைகளும் பெரும்பாலும் இதே பாலிகார்பனேட்தான். கார் விளக்கின் மேல் வெயில் படுகிறது. செவிலியரின் கண்ணாடி மேலோ ஒவ்வொரு வேலைமுறை முடிந்ததும் கிருமிநாசினி படுகிறது. மருத்துவமனைப் பேச்சில் 'ஹைப்போ' என்று சுருக்கிச் சொல்லப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டிலோ, ஸ்பிரிட்டிலோ, 'குவாட்' வகைத் திரவங்களிலோ அது நாள்தோறும் குளிக்கிறது. கிருமியைக் கொல்லும் வேதிப்பொருள் கண்ணாடியை என்ன செய்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. மோட்டார் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கும் இந்த மறைமலை நகரிலிருந்து அதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. விடையில் பாதி இங்குள்ள பட்டறைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

முதலில், கண்ணை ஏன் மூட வேண்டும்? மூக்கையும் வாயையும் காக்க வேண்டும் என்பதை உலகம் விரைவில் ஒப்புக்கொண்டது. கண் அப்படி இல்லை. 2020 ஜனவரியில் வூஹானுக்குச் சென்று திரும்பிய பெய்ஜிங் நுரையீரல் மருத்துவர் வாங் குவாங்ஃபா தொற்றுக்கு ஆளானார். என்-95 முகக்கவசம் அணிந்திருந்ததாகவும், கண்ணுக்குப் பாதுகாப்பு இல்லாததால் கண் வழியே நுழைந்திருக்கலாம் என்றும் அவர் பொதுவெளியில் சொன்னார். கண்ணின் வெண்படலத்தில் விழும் துளி, கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கிவிடும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சற்று நேரத்தில் தொண்டையில் கசப்பதை நாம் எல்லோரும் உணர்ந்திருக்கிறோம். அதே பாதைதான்.

இதற்கான களச்சான்றுகளில் ஒன்று நம் சென்னையிலிருந்தே வந்தது. 2020 மே மாதம், கொரோனா உறுதியானவர்களின் குடும்பத்தாருக்கு வீடு வீடாகப் போய் ஆலோசனை சொல்ல 62 சமூக சுகாதாரப் பணியாளர்கள் அனுப்பப்பட்டார்கள். மூன்றடுக்கு முகக்கவசம், கையுறை, காலுறை எல்லாம் இருந்தன. கண்ணுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. 5,880 வீடுகளில் 31,164 பேரைச் சந்தித்தார்கள். அவர்களில் 222 பேருக்குத் தொற்று இருந்தது. இரண்டு வாரம் முடிவதற்குள் பணியாளர்களில் 12 பேர் தொற்றுக்கு ஆளானார்கள். வேலை நிறுத்தப்பட்டது. பிறகு 250 மைக்ரான் தடிமனுள்ள பெட் பிளாஸ்டிக்கால் ஆன முகத்திரை, அதாவது ஃபேஸ் ஷீல்டு, கொடுக்கப்பட்டது. எஞ்சிய 50 பேர் மீண்டும் இறங்கினார்கள். 18,228 வீடுகள், 1,18,428 மனிதர்கள், அவர்களில் 2,682 பேருக்குத் தொற்று. இம்முறை பணியாளர்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. அமெரிக்க மருத்துவக் கழகத்தின் 'ஜாமா' இதழ் 2020 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு இல்லாத, முன்-பின் கணக்கு இது. முகத்திரை கண்ணோடு மூக்கையும் வாயையும் சேர்த்து மறைக்கிறது என்பதால் முழுப் புகழும் கண்காப்புக்கே சேரும் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் எவ்வளவு செய்யக்கூடும் என்பதை நம் தெருக்களில் வைத்துக் காட்டிய ஆய்வு என்பதால் அது என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

அந்தத் தாளும் மறுநாள் மீண்டும் முகத்தில் ஏற வேண்டும் என்பதுதான் நம் விஷயம். 2020 மார்ச்சில் நடுவண் சுகாதார அமைச்சகம் தற்காப்பு உடைகளுக்கான விவரக்குறிப்பை வெளியிட்டது. கண்ணாடி நாலா பக்கமும் மூடியிருக்க வேண்டும், முகத்தோடு நன்றாகப் பொருந்த வேண்டும், பனி படியாததாகவும் கீறல் விழாததாகவும் இருக்க வேண்டும் என்று அது சொன்னது. கிருமிநீக்கத்துக்குத் தக்க ஏற்பாடு இருந்தால் மறுபடி பயன்படுத்தத் தக்கதாக இருக்கலாம் என்றும் சொன்னது. இரண்டும் நியாயமான நிபந்தனைகள். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓர் உறவு இருக்கிறது. பனி படியாமல் வைத்திருக்கும் பூச்சைக் கரைப்பதே அந்தக் கிருமிநீக்கம்தான். எத்தனை முறை கழுவிய பிறகும் பனி படியாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணிக்கையை வாங்குபவர்தான் கேட்டுப் பெற வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் தன் கொரோனாக் கால வழிகாட்டுதல்களில் முறையைத் தெளிவாக வகுத்திருந்தது. முதலில் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். பிறகு 70 விழுக்காட்டு ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், அல்லது 0.1 விழுக்காட்டு ஹைப்போவில் பத்து நிமிடம் வைத்து நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சோப்பு முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. சளியும் இரத்தமும் புரதம் கொண்டவை. அவற்றின் மேல் நேராக ஸ்பிரிட் பட்டால் புரதம் உறைந்து வில்லையோடு ஒட்டிக்கொள்ளும். ஹைப்போவோ புரதத்தோடு வினைபுரிந்தே தன் வீரியத்தைச் செலவழித்துவிடும். கடைசியில் அலசச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அது பாலிகார்பனேட்டின் கதையோடு சேர்ந்தது.

1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவர் வேலையை ஒருவர் அறியாமல் இந்தப் பிளாஸ்டிக்கைக் கண்டார்கள். சுத்தியலால் அடித்தாலும் சில்லுச் சில்லாகச் சிதறாது, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், சுமார் 147 பாகை செல்சியஸ் வரை இளகாது. கண்காப்புக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது கடினம். ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. இதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலி கார்பனேட் என்ற கண்ணிகளால் கோக்கப்பட்டது. காரம் பட்டால் அந்தக் கண்ணி அறும். அம்மோனியாவும் அதன் உறவான அமீன்களும் அதே வேலையைச் செய்யும். அசிட்டோன் பட்டால் நொடியில் வெண்மையாகிவிடும்.

ஹைப்போ ஒரு காரத் திரவம். பாட்டிலில் கெடாமல் இருப்பதற்காகவே அதைக் காரத்தன்மையோடு வைத்திருப்பார்கள். நன்றாக நீர்த்த ஹைப்போவில் பத்து நிமிடம் கிடந்து உடனே அலசப்பட்டால் பாலிகார்பனேட் தாக்குப்பிடிக்கும். அலசாமல் அப்படியே காயவிட்டால் வேறு கதை. தண்ணீர் ஆவியாக ஆவியாக, எஞ்சும் துளியில் காரத்தின் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். அந்தத் துளி கடைசியில் எங்கே போய்த் தங்கும்? வில்லை சட்டத்தோடு சேரும் பள்ளத்தில், திருகு இறங்கும் துளையில், காற்றுத் துவாரத்தின் ஓரத்தில். 0.1 விழுக்காடு என்று வாளியில் கலந்தது, அந்த இடுக்கில் பல மடங்கு கடுமையான திரவமாகிவிடுகிறது. காய்ந்த பிறகு உப்புப் படலம் மிஞ்சும். வேலை அவசரத்தில் அதைக் கவுன் நுனியால் துடைத்தால், உப்புத் துகள்களே வில்லையைக் கீறும். போர் தண்ணீரில் அலசும் இடங்களில் அந்தத் தண்ணீரின் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

பட்டறைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த இன்னொன்று இருக்கிறது. உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வேகமாகக் குளிரவைக்கும்போது, உருவம் எடுத்த பொருளுக்குள் ஓர் இறுக்கம் உறைந்துபோய்விடும். வெளியிலிருந்து யாரும் இழுக்காமலே அது உள்ளுக்குள் இழுபட்டுக்கொண்டிருக்கும். இப்படி இறுகிய பாலிகார்பனேட் மேல் அதற்கு ஒவ்வாத திரவம் பட்டால், அதைக் கரைக்கும் வலிமை அந்தத் திரவத்துக்கு இல்லாவிட்டாலும், மயிரிழைபோல விரிசல்கள் கிளம்பும். பொறியாளர்கள் இதைச் சூழல் அழுத்த விரிசல் என்பார்கள். பட்டறையில் 'கிராக்' என்ற ஒரே சொல்தான். திரவம் மட்டும் இருந்தால் விரிசல் இல்லை. இறுக்கம் மட்டும் இருந்தாலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் உடைகிறது. அதனால்தான் மருத்துவமனைக் கண்ணாடிகள் நடுவில் உடைவதைவிடத் திருகின் ஓரத்திலும் காது மடிப்பின் மூட்டிலும் உடைகின்றன. ஓர் ஊழியர் அதைக் கீழே போட்டிருப்பார் என்று பழி சொல்வது எளிது. அச்சில் பிறந்த இறுக்கமும் வாளியில் கலந்த திரவமும் சேர்ந்து செய்த வேலை அது.

இந்த இறுக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம். போலராய்டு வகைக் குளிர்கண்ணாடி ஒன்றை அணிந்துகொண்டு, வெள்ளைத் திரையோடு ஒளிரும் மடிக்கணினிக்கு முன்னால் பாதுகாப்புக் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். திருகுத் துளையைச் சுற்றியும், பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாயருகிலும் வானவில் பட்டைகள் நெருக்கமாகத் தெரியும். பட்டைகள் எங்கே நெருங்குகின்றனவோ அங்கே இறுக்கம் அதிகம். தொழிற்சாலைகளில் இதை இன்னும் கடுமையாகச் சோதிப்பார்கள். டொலுயீனும் புரொப்பனாலும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்த திரவத்தில் பாலிகார்பனேட் பாகத்தை முக்கி எடுத்து, விரிசல் விழுகிறதா என்று பார்ப்பார்கள். விழுந்தால் அச்சின் வெப்பத்தையும் குளிரும் நேரத்தையும் மாற்றுவார்கள், அல்லது பாகத்தைச் சூட்டறையில் வைத்து மெல்ல இறுக்கம் தளர்த்துவார்கள்.

ஹைப்போவைவிட நான் அதிகம் அஞ்சுவது 'குவாட்' திரவங்களுக்குத்தான். பென்சால்கோனியம் குளோரைடு போன்ற நான்கிணைய அம்மோனியச் சேர்மங்கள் அவை. மணமில்லை, துணியை வெளுக்காது, கையை அவ்வளவாக எரிக்காது. அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அவற்றில் பல காரத்தன்மையோடு தயாரிக்கப்படுகின்றன. சிலவற்றில் அமீன்களும் கரைப்பான்களும் கலந்திருக்கும். ஆல்கஹால்போல் அவை பறந்துபோவதில்லை. துடைத்த பிறகும் மேற்பரப்பில் தங்கி, அடுத்த துடைப்பில் இன்னொரு அடுக்காகச் சேர்கின்றன. உள்ளிறுக்கமுள்ள பாலிகார்பனேட்டுக்கு இதுவே மோசமான துணை. ஃபீனால் சேர்ந்த கிருமிநாசினிகளும் அப்படியே. 'மென்மையான' திரவம் என்ற பெயரை நம்பி வாங்குபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஸ்பிரிட்டின் குணம் வேறு. 70 விழுக்காட்டு ஆல்கஹால் துடைப்பைப் பாலிகார்பனேட் பெரும்பாலும் தாங்கும். அக்ரிலிக் தாங்காது. மலிவு முகத்திரைகளில் சில அக்ரிலிக் தகட்டால் செய்யப்பட்டவை. ஸ்பிரிட்டில் துடைக்கத் துடைக்க அவற்றில் சிலந்திவலைபோல் நுண்விரிசல் படரும். கண்ணைச் சுற்றி மெத்தென்று பொருந்தும் பி.வி.சி. சட்டத்தை நெகிழ வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் நெகிழ்வூட்டி. ஆல்கஹால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்துவிடும். சட்டம் விறைத்துப்போகும். விறைத்த சட்டம் கன்னத்தோடு பொருந்தாது, இடைவெளி விழும். கண்ணாடி முகத்தில் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. தலைப்பட்டையின் எலாஸ்டிக் இழையைக் குளோரின் தின்னும். நீச்சல்குளத்துக்குப் போகிறவர்களின் உடை நாளாவட்டத்தில் தொய்வது இதே காரணத்தால்தான். நெற்றியில் ஒட்டிய நுரைப்பட்டை எந்தத் திரவத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அலசினாலும் முழுக்கப் போகாது. வியர்வை இறங்கும்போது அந்த எச்சம் கண்ணோரத்தில் எரியும்.

கோபத்தோடு எழுத வேண்டிய பகுதி பனி படிதல். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரம், உடலை மூடிய பிளாஸ்டிக் உடை, உள்ளே ஆறாக ஓடும் வியர்வை. கண்ணாடிக்குள் சிக்கிய ஈரக்காற்று, அதைவிடக் குளிர்ந்த வில்லையில் பட்டதும் நுண்துளிகளாகப் படிகிறது. ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடிக்கும் ஒரு சிறு உருண்டை. நல்ல கண்ணாடிகளின் உட்புறத்தில் நீரை விரும்பும் பூச்சு இருக்கும். அது ஈரத்தைத் துளியாகத் திரள விடாமல் மெல்லிய ஏடாகப் பரப்பிவிடும். ஏட்டின் ஊடே பார்க்கலாம், துளிகளின் ஊடே பார்க்க முடியாது. அந்தப் பூச்சில் இருப்பவை பெரும்பாலும் சோப்பைப் போன்ற மூலக்கூறுகள். ஸ்பிரிட்டும் ஹைப்போவும் சோப்புத்தண்ணீரும் மாறி மாறிப் பட்டால் அவை கழுவிக்கொண்டு போய்விடும். வில்லை பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். முகத்தில் மாட்டிய சற்று நேரத்தில் வெண்திரை விழும்.

அப்போது செவிலியர் என்ன செய்வார்? நரம்பு தேடி ஊசி ஏற்ற வேண்டும். மூச்சுக்குழாய் செருகும் மருத்துவருக்கு அருகில் நின்று கருவியை எடுத்துக் கொடுக்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார், அல்லது கையுறையோடு விரலை உள்ளே விட்டுத் துடைப்பார். இரண்டும் விதிமீறல். தொற்றுக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் அது அவருடைய கவனக்குறைவு என்று எழுதப்படும். அந்த மீறலுக்குக் காரணம் அவர் அணிந்திருக்கும் கண்ணாடியின் வேதியியல் என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பார்க்க முடியாத கண்ணாடியைக் கழற்றிவிட்டு நோயாளியின் நரம்பைச் சரியாகக் கண்டுபிடிக்கும் செவிலியர், தன் உடலைப் பணயம் வைத்து நோயாளியைக் காக்கிறார்.

மங்கலை அளக்கும் வழி உண்டு. வில்லையின் ஊடே ஓர் ஒளிக்கற்றையை அனுப்பி, அதில் எவ்வளவு 2.5 பாகைக்கு மேல் விலகிச் சிதறுகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பங்குக்கு 'ஹேஸ்' என்று பெயர். ஒளி மொத்தமாக ஊடுருவும் அளவு குறையாமலே இது ஏறலாம். அதாவது, வெளிச்சம் வருகிறது, விவரம் வருவதில்லை. அறுவை விளக்கின் கூர்மையான ஒளியில் இது இன்னும் கூடும். எதிரே வரும் வண்டியின் விளக்கு, கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியில் பட்டு விரிவதை இரவில் ஒரகடம் சாலையில் பைக் ஓட்டியவர்கள் அறிவார்கள்.

ஐரோப்பாவின் இ.என்.-166 தரநிலையில் பனிபடியாமைக்கு 'என்' என்றும், நுண்துகளால் கீறல் விழாமைக்கு 'கே' என்றும் எழுத்துகள் உண்டு. இரண்டும் கட்டாயமில்லை, விரும்பினால் பெறலாம். 'என்' எழுத்துக்கு வில்லை குறைந்தது 8 விநாடி பனி படியாமல் தெளிவாக இருக்க வேண்டும். நம் நாட்டில் கண்காப்புக்கு ஐ.எஸ்.-5983 இருக்கிறது. வில்லையில் பொறித்த இந்த எழுத்துகளைப் பார்த்து வாங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் 'என்' என்ற எழுத்து பட்டறையிலிருந்து வந்த வில்லைக்குத் தரப்பட்ட சான்று. ஆறு மாதம் ஹைப்போ வாங்கிய வில்லைக்கு அது பேசாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/425 ஒழுங்குமுறை இன்னொரு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறது. கருவியைத் தூய்மைசெய்யவும் கிருமிநீக்கவும் எதைப் பயன்படுத்த வேண்டும் என்று தயாரிப்பாளரே எழுதித் தர வேண்டும். அவர் பரிந்துரைக்கும் பொருள் கருவிக்கோ அணிபவருக்கோ தீங்கு செய்யக் கூடாது. பொறுப்பு அங்கே தயாரிப்பாளர் தலையில் வைக்கப்படுகிறது. இங்கே அது வாளியோடு நிற்கும் தூய்மைப் பணியாளரின் கையில் விடப்படுகிறது.

அந்த வாளியில் நடக்கும் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 5 விழுக்காட்டு ஹைப்போ பாட்டிலிலிருந்து 0.1 விழுக்காட்டுக் கரைசல் செய்ய, 20 மில்லி எடுத்துத் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் பொது இடங்களின் தரைக்கும் கைப்பிடிக்கும் நம் அரசு சொன்ன அளவு 1 விழுக்காடு. அதற்கு 200 மில்லி வேண்டும். வார்டில் இரண்டுக்கும் தனித்தனி வாளி இல்லாதபோது, தரைக்குக் கலந்த ஒரு விழுக்காட்டு ஹைப்போவிலேயே கண்ணாடியும் போடப்படும். தேவையைவிடப் பத்து மடங்கு. நேரத்தையும் யாரும் எண்ண மாட்டார்கள். பத்து நிமிடத்துக்குப் போட்டது அடுத்த வேலைமுறை வரும்வரை ஊறும். கடுமையாகக் கலந்தால் கூடுதல் பாதுகாப்பு என்ற நம்பிக்கை இதற்குத் துணை.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. ஹைப்போ வெயிலிலும் சூட்டிலும் தானாகவே சிதையும். தகரக் கூரையின் கீழ் திறந்த கேனில் இரண்டு மாதம் இருந்த ஹைப்போவின் வீரியத்தை அதன் முகச்சீட்டு சொல்லாது. பிளீச்சிங் பவுடரும் ஈரம் பட்டால் அப்படியே. நீர்த்த கரைசலை அன்றன்று கலக்க வேண்டும் என்பது அதனால்தான். ஆக, ஒரே மருத்துவமனையில் ஒருநாள் வில்லையைத் தின்னும் கரைசலும், மறுநாள் கிருமியைக் கொல்லாத கரைசலும் ஒரே வாளியில் இருக்கக்கூடும். வேறு வழிகளும் முழுத் தீர்வாகவில்லை. புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் நிழல் விழும் இடுக்குகளில் கிருமி தப்பும், பாலிகார்பனேட்டும் மஞ்சளாகும். 121 பாகை நீராவியில் வைத்தால் வில்லை உருகாது. ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்து அதே கார்பனேட் கண்ணிகளை அறுக்கும், பூச்சு போய்விடும்.

தமிழுக்குத் தனித்தன்மை வேண்டும் என்று போராடிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர் இது. இங்கே விற்கும் கிருமிநாசினிக் கேனில் கலக்கும் விகிதம் ஆங்கிலத்தில், அதுவும் பொடி எழுத்தில் இருந்தால், அதைக் கலக்கும் அம்மாள் யாரைக் கேட்பார்? 'ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூடி, பத்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீர்' என்று கேனின் முகத்தில் பெரிய தமிழ் எழுத்தில் இருந்தால் எத்தனை கண்ணாடிகள் பிழைக்கும்! எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படாத திருத்தம் இது. மூடியின் கொள்ளளவைத் தயாரிப்பாளர் 10 மில்லிக்குச் சரியாக அமைத்தாலே போதும்.

இப்போது மோட்டார் தொழிலுக்கு வருகிறேன். பிளாஸ்டிக் மூடியிட்ட முகப்பு விளக்குக்கு ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறைகளில் தனிப் பின்னிணைப்பே இருக்கிறது. மூடியின் மாதிரிகளை வெப்பமும் குளிரும் மாறி மாறித் தாக்க விடுவார்கள். புறஊதா ஒளியில் வைப்பார்கள். ஹெப்டேன், டொலுயீன் முதலியவை கலந்த வேதிக்கரைசல் தோய்ந்த துணியை மூடியின் மேல் அழுத்தி வைப்பார்கள். சோப்புக் கரைசலில் முக்குவார்கள். பெட்ரோலைப் போன்ற கலவையால் தேய்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது, எவ்வளவு சிதறுகிறது என்று அளப்பார்கள். எல்லை தாண்டினால் அந்த விளக்குக்கு ஒப்புதல் கிடையாது. மறைமலை நகரின் ஃபோர்டு ஆலையில் உருவான எக்கோஸ்போர்ட் கார்கள் ஐரோப்பாவுக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. 2022இல் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ என்று இந்தப் பகுதி முழுக்க, தெளிந்த பிளாஸ்டிக் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று அறிந்த கைகள் இருக்கின்றன. அச்சு வார்ப்பவர்கள், பூச்சு பூசுபவர்கள், ஹேஸ் அளப்பவர்கள். ஒரு கார் விளக்கு தன் தெளிவை வேதிப்பொருளுக்கு எதிராக நிரூபித்துவிட்டுத்தான் சாலைக்கு வருகிறது. நோயாளியின் இரத்தம் தெறிக்கும் தூரத்தில் நிற்பவரின் கண்ணாடிக்கும் அந்த மரியாதை வேண்டும்.

அதற்கான இடமும் இங்கே உருவாகிறது. 2021இல் நடுவண் அரசு மருத்துவக் கருவிப் பூங்காக்களுக்காக இமாச்சலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களுக்குக் கொள்கை ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டின் பூங்கா ஒரகடத்தில், மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் வசம். பொதுவான சோதனைக்கூடம் போன்ற வசதிகளுக்காக ஒவ்வொரு பூங்காவுக்கும் 100 கோடி ரூபாய் வரை நிதி என்பது திட்டம். அதே ஒரகடத்தில் வாகனச் சோதனைக்கான உலகளாவிய மோட்டார் ஆய்வு மையம் இருக்கிறது. கிண்டியில் 1968 முதல் சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மூன்றையும் இணைக்கும் சாலையில் ஒரு காலைப் பொழுதில் போய் வந்துவிடலாம். 2020இல் முழுவுடல் கவச உடைகளைச் சோதிக்கக் கோவையின் சிட்ரா, நெசவு ஆராய்ச்சிக்கென்று பிறந்த நிறுவனம், செயற்கை இரத்தம் ஊடுருவுகிறதா என்று பார்க்கும் கூடமாகச் சில வாரங்களில் மாறியது. துணிக்கு அது நடந்ததென்றால் தெளிந்த பிளாஸ்டிக்குக்கும் நடத்தலாம்.

செய்ய வேண்டிய சோதனை கடினமானதும் இல்லை. சந்தையில் உள்ள கண்ணாடிகளை எடுத்து, நம் மருத்துவமனைகள் உண்மையிலேயே பயன்படுத்தும் திரவங்களில், நம் தண்ணீரில், நம் வெப்பநிலையில், முப்பது முறை, அறுபது முறை, நூறு முறை கழுவிக் காயவைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஹேஸ், பனிபடியும் நேரம், திருகோர விரிசல், பட்டையின் இழுவை இவற்றை அளக்க வேண்டும். எந்தக் கண்ணாடிக்கு எந்தத் திரவம் சேரும், எத்தனை முறைக்குப் பிறகு தூக்கியெறிய வேண்டும் என்று ஒரு பக்க அட்டவணையாகத் தமிழில் அச்சிட்டு வார்டுச் சுவரில் ஒட்ட வேண்டும்.

இதைக் கட்டாயமாக்கும் வலிமை ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்குகிறது. மாதிரிகளின் அடையாளத்தை மறைத்து ஆய்வகங்களுக்கு அனுப்பித் தரம் பார்க்கும் அதன் முறையைப் பிற மாநிலங்கள் வந்து கற்றுப்போயின. மருந்துக்குக் காட்டும் அந்தக் கண்டிப்பைக் கண்ணாடிக்கும் காட்டட்டும். கொள்முதல் அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்: இன்ன கிருமிநாசினியில் இத்தனை முறை கழுவிய பிறகும் வில்லை இவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும், அதற்கான சோதனைச் சான்று இணைக்கப்பட வேண்டும். விலை சற்று ஏறும். ஏறட்டும். சில வாரங்களில் மங்கிப்போகும் மலிவுக் கண்ணாடியைத் திரும்பத் திரும்ப வாங்கும் செலவையும், நோயுற்ற செவிலியரின் விடுப்பையும் சேர்த்தால் கணக்கு தலைகீழாகும் என்பது என் கணிப்பு.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் நீங்கள் செவிலியராகவோ, ஆய்வகப் பணியாளராகவோ, பல் மருத்துவமனை உதவியாளராகவோ இருந்தால், நாளைக் காலை உங்கள் கண்ணாடியை சன்னலுக்கு நேராகப் பிடித்து, அதன் ஊடே ஒரு மருந்துச்சீட்டைப் படித்துப் பாருங்கள். திருகைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து கலங்கினாலோ, மயிரிழை விரிசல் தட்டுப்பட்டாலோ, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதொன்று கேளுங்கள். எழுத்து மூலம் கேளுங்கள். அடுத்த கொள்முதலில் எதை வாங்கக் கூடாது என்பதற்கு அந்தக் கடிதம் உதவும்.